குடை டீச்சரும் வெள்ளிக்கிழமைக் காய்ச்சலும்

மூன்றாம் வகுப்பு டீச்சரின் வீட்டில் அறுபத்தொரு பீங்கான் கோப்பைகள் இருந்தன. அவற்றில் நாற்பத்து நான்கில் 'உலகின் தலைசிறந்த ஆசிரியை' என்று எழுதியிருந்தது. டீச்சரோ விளிம்பில் விரிசல் விழுந்த பழைய கண்ணாடி டம்ளரில்தான் டீ குடிப்பார்.

"உலகத்துலயே தலைசிறந்தவங்கன்னா ஒருத்தர்தான் இருக்க முடியும். அந்த ஒருத்தருக்கு வாயும் ஒண்ணுதான். நாப்பத்து நாலு கப்பு எதுக்கு?" என்று அவருடைய கணவர் அவ்வப்போது கேட்பார். தபால் நிலையத்தின் பார்சல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஊரார் பார்சல்களை எல்லாம் தவறாமல் உரிய இடத்துக்கு அனுப்பிவைத்த மனிதர், தன் வீட்டுக்கு வந்த பார்சல்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினார். கட்டிலுக்கு அடியில் ஒன்பது சுவர்க் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரத்தில் நின்றுபோயிருந்தன. புகைப்படச் சட்டங்கள் ஒரு பெட்டி நிறைய. எல்லாவற்றிலும் கடைக்காரர்கள் மாதிரிக்கு வைத்த ஒரே குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. பரணில் குடைகள்.

குடைகளில்தான் எல்லாம் தொடங்கியது. 'குடை டீச்சர்' என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

அந்தப் பள்ளியில் பிள்ளைகள் டீச்சர்களுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் எப்படித் தோன்றியது என்று கேட்டால் ஆளுக்கொரு வரலாறு சொல்வார்கள். தலைமையாசிரியை, அது நன்றியுணர்விலிருந்து தோன்றியது என்பார். பெற்றோர் சங்கத் தலைவி, அது தன்னிடமிருந்து தோன்றியது என்பார். நான்காம் வகுப்பு சார், மூன்றாம் வகுப்பில் தோன்றியது நான்காம் வகுப்புக்கு வந்து சேர இரண்டு வருடம் ஆனது என்று பெருமூச்சு விடுவார். உண்மையில் அது டீச்சரின் மறதியிலிருந்து தோன்றியது. அதைச் சொன்னால்தான் யாரும் நம்புவதில்லை.

டீச்சருக்கு வேறு எந்த மறதியும் கிடையாது. வகுப்பில் யாருக்குப் பல் ஆடுகிறது, யார் வீட்டில் தம்பி பிறந்திருக்கிறது, யார் அழிப்பானை யார் கடித்தார்கள் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். குடை மட்டும் அவர் கையில் நிற்காது. பேருந்தில், வங்கியில், பல் மருத்துவரின் நாற்காலிக்குப் பின்னால் என்று வைத்த இடத்தில் வைத்துவிட்டு, நனைந்து வீடு வந்து சேர்வார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மாலை, கைப்பையின் ஜிப் பிய்ந்துபோனது என்று தையல் கடைக்குப் போனார். ஜிப்பைத் தைத்து வாங்கிக்கொண்டு, குடையை அங்கேயே சாத்திவைத்துவிட்டு வந்தார்.

தையல்கார அம்மா எந்தப் பொருளையும் வெறுமனே திருப்பிக் கொடுக்காதவர். ஒரு பித்தான் தைத்துக் கொடுத்தாலும் அதைக் காகிதத்தில் மடித்து, மூலைகளைக் கத்தியாட்டம் நீவித்தான் கொடுப்பார். ஈரக்குடை மகளின் புத்தகப் பையை நனைத்துவிடப் போகிறதே என்று, கடையில் மிஞ்சிக் கிடந்த நீல நிற மினுமினுப்புக் காகிதத்தை எடுத்துச் சுற்றினார். சும்மா இருந்த கை, ஒரு ரிப்பனையும் கட்டியது. மகள் மூன்றாம் வகுப்பில்தான் படித்தாள்.

"வழியில யார்கிட்டயும் நின்னு பேசாத. நேரா கொண்டுபோய் டீச்சர் கையில குடு" என்று அனுப்பிவைத்தார்.

பள்ளி வாசலில் அந்நாளில் ஒரு தாய் இருந்தார். மகனை உள்ளே விட்டுவிட்டு மணி அடித்த பிறகும் இடத்தைவிட்டு நகரமாட்டார். யார் வருகிறார்கள், என்ன கொண்டுவருகிறார்கள், முந்தைய நாள் கட்டியிருந்த ரிப்பனா இது என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. வாசல் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

"ஏய் தங்கம், கையில என்னடி அவ்வளவு பெரிய பார்சல்?"

"டீச்சருக்கு."

"யாரு குடுத்து விட்டா?"

"அம்மா."

"எதுக்காம்?"

நின்று பேசக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. சிறுமி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

வாசல் அக்கா பக்கத்தில் நின்ற தாய்மாரைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா? டீச்சருக்காம்! ரிப்பன் வேற! வாயைத் திறக்காத அமுக்குணியா இருந்துக்கிட்டு என்ன காரியம் பண்ணுறா பாருங்க அந்தத் தையக்காரி!"

அன்று முற்பகலில்தான், கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிக் கழுத்து வலிக்க உட்கார்ந்திருந்த அதே சிறுமியை டீச்சர் முன் பெஞ்சுக்கு மாற்றினார். கண்ணைச் சோதிக்கச் சொல்லி அம்மாவுக்குச் சீட்டு எழுதினார். ஒரு மாதத்தில் கண்ணாடி வந்தது. மதிப்பெண் ஏறியது. மூன்றும் மூன்று தனித்தனிச் சங்கதிகள். வாசலில் நின்றவர்களுக்கு அவை ஒரே சங்கதி.

அடுத்த திங்கட்கிழமை வாசல் அக்காவின் மகன் ஒரு பார்சலோடு வந்தான். டீச்சர் பிரித்துப் பார்த்தார். குடை. வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் எட்டுக் குடைகள் வந்து சேர்ந்தன. ஒன்றில் பூனைக் காதுகள் இருந்தன.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் எழுந்து நின்று, தலைகீழாக நிற்காத குறையாக விளக்கினார். "அது நான் மறந்துட்டு வந்த குடைங்க. என்னோட குடைதான் எனக்குத் திரும்பி வந்துச்சு. யாரும் தயவுசெஞ்சு குடை கொண்டு வராதீங்க. என்கிட்ட நிறைய இருக்கு."

தாய்மார் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது வாசல் அக்கா சுருக்கம் சொன்னார்: "குடை வேண்டாமாம். போதுமாம். வேற ஏதாவது பாக்கணும்."

அப்படித்தான் கோப்பைகள் வந்தன.

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. முன் பெஞ்சு ஒரு வெகுமதி என்ற எண்ணம் வந்துவிட்டதால்தான் இவ்வளவும் என்று நினைத்து, வாரம் ஒருமுறை எல்லோரும் ஒரு பெஞ்சு முன்னே நகர வேண்டும், முன்னால் இருப்பவர்கள் கடைசிக்குப் போக வேண்டும் என்று ஒரு முறை கொண்டுவந்தார். யாருக்கும் சலுகை இல்லை, யாருக்கும் குறையும் இல்லை. இரண்டே வாரத்தில் தாய்மார் அந்தச் சுழற்சியைக் கணக்குப் போட்டுப் பிடித்துவிட்டார்கள். தங்கள் பிள்ளை முன் பெஞ்சுக்கு வரும் திங்கட்கிழமை பார்த்துப் பார்சல் அனுப்பினார்கள். பிள்ளை முன்னால் வந்ததால் அனுப்பினார்களா, அனுப்பியதால் பிள்ளை முன்னால் வந்ததா என்று ஆராய யாருக்கும் நேரம் இல்லை.

மற்ற ஆசிரியர்கள் முகம் சுருங்கியதைப் பார்த்த தலைமையாசிரியை, பாகுபாடு வரக் கூடாது என்று ஒரு முடிவெடுத்தார். ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, எல்லா வகுப்புகளுக்கும் பொதுவாக, அன்பளிப்பு நாள். சுற்றறிக்கையில் 'அன்பளிப்பு கட்டாயமல்ல' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். அடிக்கோட்டைப் பார்த்த பெற்றோர் திகைத்துப்போனார்கள். "கோடு போட்டுல்ல எழுதியிருக்காங்க! அப்ப கொஞ்சம் பெருசாத்தான் எதிர்பாக்குறாங்க போல" என்று பேசிக்கொண்டார்கள். எதிர்த் தெருவில் நோட்டுப் புத்தகமும் பசையும் விற்றுக்கொண்டிருந்த கடைக்காரர் பசையை உள்ளே தள்ளிவிட்டுக் கண்ணாடி அலமாரி போட்டார். அதற்கு 'டீச்சர் மூலை' என்று பலகை மாட்டினார்.

வாசல் அக்காவின் மகன் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். அக்கா மட்டும் வாசலை விடவில்லை. அவரை வாசலிலிருந்து நகர்த்த வேறு வழி தெரியாமல் பெற்றோர் சங்கத் தலைவி ஆக்கினார்கள். தலைவியானதும் அவர் செய்த முதல் காரியம், அன்பளிப்பு நாளன்று மேடையில் மைக் வைத்து, யார் என்ன கொடுத்தார்கள் என்று பட்டியல் வாசிக்கும் முறையைக் கொண்டுவந்தது. "குடுத்தவங்க மனசு குளிரணும்ல" என்றார்.

இப்படியே இருபத்திரண்டு வருடம் ஓடியது. டீச்சரின் ஓய்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தபோதுதான் எறும்பு பள்ளிக்கு வராமல் போனாள்.

எறும்பு என்பது டீச்சர் தன் மனதுக்குள் வைத்திருந்த பெயர். ஆளைவிடப் பெரிய பையைச் சுமந்துகொண்டு, தனக்குத்தானே ஏதோ எண்ணியபடி சுவரோரமாக வருவாள். வாய்ப்பாட்டைத் தலைகீழாகக் கேட்டாலும் சொல்வாள். வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

அன்பளிப்பு வாரத்தின் திங்கட்கிழமை அவளைக் காணோம். செவ்வாயும் காணோம். காய்ச்சல் என்று சீட்டு வந்தது. செவ்வாய் மாலை தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார்.

"உங்க வகுப்புப் பொண்ணுதான். டி.சி. கேட்டு அவங்கம்மா எழுதியிருக்காங்க. வேற பள்ளிக்கூடத்துல சேக்கப் போறாங்களாம். வெள்ளிக்கிழமை விழா முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன். போன வருஷத்து வருகையையும் சேத்துக் கணக்குப் போட்டுக் குடுங்க டீச்சர்."

"பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லையே மேடம்? எதுக்காம்?"

"வேலைக்குத் தூரமா இருக்காம். நமக்கெதுக்கு அதெல்லாம்?"

வருகையைக் கணக்கிட, டீச்சர் போன வருடத்து இரண்டாம் வகுப்புப் பதிவேட்டை எடுத்தார். எறும்பு ஒருநாள்கூட விடுப்பு எடுத்திருக்கவில்லை. பக்கத்தை மூடப்போனவரின் விரல் ஒரு வெள்ளிக்கிழமையில் நின்றது. அன்று மூன்று பிள்ளைகள் வரவில்லை. காரணம், காய்ச்சல். வியாழக்கிழமை மூவரும் வந்திருந்தார்கள். திங்கட்கிழமை மூவரும் வந்திருந்தார்கள். அந்த மூவரும் இப்போது தன் வகுப்பில்தான் இருக்கிறார்கள்.

அலமாரியைத் திறந்து தன்னுடைய பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி ஒவ்வொன்றாக இறக்கினார். ஒரு வருடம் நான்கு பேர். அதற்கு முந்தைய வருடம் ஐந்து பேர். எல்லாம் தன் கையெழுத்துதான். காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல். வருடத்துக்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் வந்து, சனி ஞாயிறில் மருந்தில்லாமல் குணமாகும் காய்ச்சல். பருவநிலை மாறுகிறது, பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று இத்தனை வருடமும் தானே சொல்லிக்கொண்டிருந்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது.

போன வருடத்து விழாவும் ஞாபகம் வந்தது. எறும்பு காய்ச்சல் வராமல் வந்திருந்தாள். தலைவி மைக்கில் வாசித்தார்: "ஒரு சுவர்க் கடிகாரம்... ஒரு பேனா செட்... ஒரு ரொட்டி." மண்டபமே சிரித்தது. டீச்சரும் சிரித்திருந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. கூட்டம் சிரிக்கும்போது வாய் தானாக விரியுமே, அந்த அளவுக்குத்தான். மறுநாளிலிருந்து பிள்ளைகள் அவளை ரொட்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் டீச்சர் எறும்பின் வீட்டுக்குப் போனார். வானம் கறுத்திருந்ததால் நினைவாகக் குடையை எடுத்துக்கொண்டார். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். மாடிப்படியெல்லாம் ரப்பர் வாசனை. அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்கிறவர். வேலைத் தொப்பியின் தடம் நெற்றியில் இன்னும் அழுந்தியிருந்தது.

"வாங்க டீச்சர். உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மரியாதையில் குறை இல்லை. முகத்தில்தான் கதவு சாத்தியிருந்தது.

எறும்பு மேசையில் ரொட்டி சுற்றும் காகிதத்தின் பின்பக்கத்தில் பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

"அம்மாவைத்தான் கேக்கணும் டீச்சர்."

"இருக்கு டீச்சர்" என்றார் அம்மா. "வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கும்."

டீச்சர் குடையை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். "பரிசெல்லாம் கட்டாயம் இல்லம்மா."

"தெரியும் டீச்சர். போன வருஷமும் அப்படித்தான் எழுதியிருந்தாங்க. கோடு போட்டிருந்தாங்க. அதைப் படிச்சு நம்பித்தான் ரொட்டி குடுத்து விட்டேன். நல்ல ரொட்டி டீச்சர் அது. அன்னைக்குக் காலையில நானே அடுப்புலேருந்து எடுத்தது, சூடு ஆறக்கூட இல்ல. அதைக் கொண்டுபோய் மைக்குல வாசிப்பாங்கன்னு கண்டேனா?"

"அந்தப் பட்டியலை இந்த வருஷம் வாசிக்க வேண்டாம்னு நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா கேப்பாங்களா?"

டீச்சர் நினைத்துப் பார்த்தார். தான் சொல்லி அவர்கள் கேட்ட ஒரு விஷயம்கூட இருபத்திரண்டு வருடத்தில் அகப்படவில்லை.

"உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல டீச்சர். இவ உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்ல. ஆனா வெறுங்கையோட போனா ஒரு பேச்சு, ரொட்டியோட போனா ஒரு பேச்சு. நாங்க எதைத்தான் தூக்கிக்கிட்டு வர்றது, சொல்லுங்க?" அம்மாவின் குரல் உயரவே இல்லை. "புதுப் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பஸ் மாறணும். பரவாயில்ல. பஸ்ஸுல யாரும் சிரிக்க மாட்டாங்க."

எறும்பு நின்ற இடத்திலேயே கேட்டாள்: "அந்தப் பள்ளிக்கூடத்துல பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லித் தருவாங்களா டீச்சர்?"

"தருவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு டீச்சர் எழுந்தார். அதற்குமேல் உட்கார முடியவில்லை.

கீழே வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போலக் கை குடையைத் தேடியது. வழக்கம்போலக் குடை இல்லை. நாற்காலி முதுகிலேயே தொங்குகிறது. எடுத்துவரத் திரும்பியவர் முதல் படியில் கால் வைத்தார். வைத்த கால் அங்கேயே நின்றது. நாங்க எதைத்தான் தூக்கிக்கிட்டு வர்றது?

டீச்சர் காலை மெதுவாகக் கீழே எடுத்துவைத்தார். சைக்கிள் கடைக்காரர், "நனையுறீங்களே டீச்சர், கொஞ்சம் நில்லுங்க" என்றார். டீச்சர் நிற்கவில்லை. யாராவது குடையோடு பின்னால் ஓடி வந்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில், ஐம்பத்தெட்டு வயதில், ஏறக்குறைய ஓடினார்.

வீட்டில் கணவர் துண்டை நீட்டினார். "குடை?"

"மறந்துட்டேன்."

"எங்க?"

"எங்கன்னு தெரியும்."

"தெரிஞ்சேவா மறந்த?"

"முதல்ல தெரியாம மறந்தேன். அப்புறம் தெரிஞ்சு மறந்தேன்." டீச்சர் தலையைத் துவட்டியபடி பரணை நிமிர்ந்து பார்த்தார். "ஏங்க, அந்த ஏணியைக் கொஞ்சம் எடுங்களேன்."

வியாழக்கிழமை எறும்பு வரவில்லை. 'அடுத்தவர் பொருளை உடனே திருப்பிக் கொடுக்கும் வீடு என்றல்லவா நினைத்தேன், தப்புக் கணக்குப் போட்டுவிட்டேனோ' என்று டீச்சர் நாள் முழுவதும் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் மாலையில், பரணிலிருந்து இறக்கிய மூன்று குடைகளோடு, போன வருடம் காய்ச்சல் வந்த மூவரின் வீடுகளுக்கும் புறப்பட்டார்.

குடையை மறப்பது இத்தனை கஷ்டமான காரியம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. முதல் வீட்டில், படிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசி, குடையைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு எழுந்தார். எழுந்ததும் பழக்கமில்லாத ஞாபகம் ஒன்று வந்து, கை தானாகக் குடையை எடுத்துக்கொண்டது. தெருமுனை வரை போய், "அய்யய்யோ" என்று திரும்பிவந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு மறுபடி மறந்தார். இரண்டாவது வீட்டில் தகப்பனார் வாசலிலேயே பிடித்துவிட்டார்.

"டீச்சர், குடை!"

"எந்தக் குடை?"

"இந்தா, இதுதான். நீங்கதான கொண்டு வந்தீங்க?"

"அப்படியா? இருக்கட்டும், எனக்கு இப்ப அவசரம். நாளைக்குப் பிள்ளைகிட்ட குடுத்து விடுங்க, மறந்துடாதீங்க" என்றார் டீச்சர். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அந்த மனிதர் குடையையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். பூனைக் காது வைத்த குடை அது. மூன்றாவது வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

"முப்பது வருஷமா குடித்தனம் பண்றேன். இன்னைக்குத்தான் நீ குடையை ஞாபகமா மறந்திருக்க" என்றார் கணவர்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் வகுப்பு ஜன்னலோரம் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்பன் கட்டிய பெட்டிகள் வரிசையாக வந்தன. நடுவில் ஒரு குடை வந்தது. பிறகு பூனைக் காதுகள் வந்தன. மூன்றாவதும் வந்தது. தலைவி ஒவ்வொன்றையும் நின்ற இடத்திலிருந்தே அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார். முதல் மணி அடித்தது. எறும்பு வரவில்லை. தலைமையாசிரியையின் மேசையில் டி.சி. தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி.

இரண்டாவது மணி அடித்துக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் ஒரு நீளமான பார்சல் தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டு கால்கள் ஓடி வந்தன. பின்னாலேயே அம்மா, தொழிற்சாலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல். குடையை ரொட்டி சுற்றும் மெழுகுக் காகிதத்தில் சுற்றி, தொழிற்சாலைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"என்னம்மா அது?" என்று தலைவி மறித்தார்.

"டீச்சருக்கு" என்றாள் எறும்பு. நிற்கவில்லை.

ஜன்னலோரம் நின்ற டீச்சர் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். பார்சலை வாங்கிக்கொண்டு, "ஏன் நேத்தே கொண்டு வரல?" என்று கேட்டார்.

"பேப்பர் வேணும்ல டீச்சர்? அம்மா நேத்து ராத்திரி ஷிப்டுக்குப் போயித்தான் கேட்டு வாங்கிட்டு வந்தாங்க. வெறுமனே குடுத்தா நல்லா இருக்காதுன்னாங்க."

விழா மண்டபத்தில் தலைவி பட்டியலை வாசித்தார். மூன்றாம் வகுப்பு வந்தது. "ஒரு பழக்கூடை... ஒரு மேசை விளக்கு... ஒரு குடை... ஒரு குடை... ஒரு குடை." புருவம் உயர்ந்தது. "ஒரு குடை." நாலாவதாக வாசித்தது எறும்பின் பெயரை. யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசைத் தாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நாலு வீட்டுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது என்ற கலக்கம் அந்த முகங்களில் அப்பட்டமாக எழுதியிருந்தது.

டீச்சர் மேடையேறி மைக்கை வாங்கினார். ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு தடவையாவது உண்மையைச் சபையில் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவுசெய்திருந்தார்.

"இந்த நாலும் என்னோட குடைங்க. நான் அவங்க வீட்டுல மறந்துட்டு வந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி முதல்முதல்ல வந்ததும் என்னோட குடைதான். யாரும் எனக்குப் பரிசு குடுக்கல. இந்த வழக்கம் தப்பா ஆரம்பிச்சது. இந்த நாள்ல பிள்ளைங்களுக்கு வர்ற காய்ச்சல்..."

அதற்குள் கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. தலைவி கண்ணைத் துடைத்தபடி மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "கேட்டீங்களா? பிள்ளைங்க குடுக்குற பொருளை எல்லாம் தன்னோட சொந்தப் பொருளா நினைக்கிற மனசு! யாருக்குங்க வரும் இந்த மனசு?"

டீச்சர் இறங்கி வகுப்புக்குப் போனார். பதிவேட்டைத் திறந்து அன்றைய வருகையைப் போட்டார். முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு. காரணம் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமையில் அது காலியாக இருப்பது இதுதான் முதல் தடவை.

நாலு மணிக்கு எறும்பின் அம்மா தலைமையாசிரியையின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், திங்கக்கிழமை பரீட்சை எத்தனை மணிக்கு?"

"ஒன்பதரைக்கும்மா."

"சரி. அப்ப அந்தக் கடிதத்தை நான் வாங்கிட்டுப் போயிடறேன்." கொஞ்சம் தயங்கினார். "வீட்டுல குடையைப் பாத்துட்டு, மழையில உங்க பின்னாடியே ஓடி வந்தேன் டீச்சர். நீங்க திரும்பியே பாக்கல. சைக்கிள் கடைக்காரர்கூடக் கூப்பிட்டாராமே?"

"காது கேக்கலம்மா" என்றார் டீச்சர்.

அம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வயசாகுதுல்ல" என்றார், சிரிக்காமல்.

திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. டீச்சர் வினாத்தாள் கட்டோடு வகுப்புக்குள் நுழைந்தபோது மேசை தெரியவில்லை. நீல நிறத்திலும் பொன் நிறத்திலும் மினுமினுக்கும் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, நீள நீளமாகப் பத்தொன்பது பார்சல்கள் அடுக்கியிருந்தன. எதிர்த் தெருக் கடையில் சனிக்கிழமை மதியத்தோடு குடை தீர்ந்துபோனது என்று பிறகு தெரிந்தது.

சுழற்சிப்படி அந்த வாரம் முன் பெஞ்சு எறும்புக்கு. பென்சிலைச் சீவி வைத்துவிட்டு, பார்சல்களை ஒருமுறை உதடு அசைய எண்ணினாள். சந்தேகம் தீர இன்னொரு முறை எண்ணினாள்.

"டீச்சர், இத்தனை பேர் வீட்டுலயுமா மறந்துட்டு வந்தீங்க?"